செட் ஆகாது என்று சொன்னேன்

எங்கள் பக்கத்தில் ஒரே வருடம் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தவர்களை "ஒரே செட்டு" என்பார்கள். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாதவர்களும் இதைச் சொல்வார்கள். "அவன் எங்க மூத்தவன் செட்டு" என்று ஒரு தாய் சொன்னால் வயது, வகுப்பு, கூட்டாளி மூன்றையும் ஒரே வார்த்தையில் சொல்லி முடித்துவிட்டாள் என்று அர்த்தம். எம்.ரெட்டியபட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் என் செட்டில் பதினோரு பேர் இருந்தோம். பத்தாம் வகுப்பைத் தாண்டி அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறியவர்கள் இரண்டே பேர். நான் ஒருவன். இன்னொருவனைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்களுக்குக் கரிசலில் பன்னிரண்டு ஏக்கர் காடு. மழையை நம்பிப் பருத்தி, கம்பு, கொத்தமல்லி போடுவோம். அவனுடைய அப்பாவும் அம்மாவும் எங்கள் காட்டில் களை வெட்டினார்கள், பருத்தி எடுத்தார்கள். நாங்கள் ஊருக்குள் இருந்தோம். அவர்கள் ஓடைக்கு அந்தப் பக்கம் காலனியில் இருந்தார்கள். காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவன் என்னை "வாங்க" என்பான். பஸ் ஏறி, ஊர்க்கடைசியில் இருக்கும் வேலிக்கருவைப் புதரைத் தாண்டியதும் "ஏலே, கணக்குப் போட்டியா?" என்பான். சாயங்காலம் திரும்பும்போது சரியாக அதே இடத்தில் "ஏலே" நின்றுபோகும். இரண்டு வருடமும் இப்படித்தான். அதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. எனக்கு அது வினோதமாகக்கூடப் படவில்லை.

அவன் பன்னிரண்டாவதோடு நிறுத்தி, ஐடிஐ படித்து, மோட்டார் வேலைக்குப் போனான். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை உருவி எறிந்துவிட்டுப் புதுச் செம்புக் கம்பி சுற்றி ஓட வைக்கும் வேலை. காயில் கட்டுவது என்போம். நான் கல்லூரிக்குப் போய், ஆங்கிலம் படித்து, கடைசியில் அருப்புக்கோட்டையிலேயே ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியரானேன். அவனும் அதே டவுனில் கடை போட்டான். சுற்றுவட்டாரத்துப் பம்புசெட்டெல்லாம் அவன் கைக்கு வந்தன. எங்கள் காட்டுக் கிணறு வற்றி, ஆழ்துளைக் குழாய் போட்டபோது மோட்டாரை இறக்கியவனும் அவன்தான்.

என் அப்பா இறந்தபிறகு நான் அவனிடம் சொன்னேன், இனிமேல் ஊருக்குள்ளும் என்னை ஏலே என்றே கூப்பிட வேண்டும் என்று. முதலில் தயங்கினான். பிறகு பழகிவிட்டான். என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடிப்பான். நான் அவன் வீட்டில் சாப்பிடுவேன். இதையெல்லாம் ஆசிரியர் அறையில் சொல்லிக்கொள்வேன். நான் எப்படிப்பட்ட ஆள் என்று மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா. இன்று நினைத்தால், செய்ததைவிட அதைச் சொல்லிக்கொண்டு திரிந்ததுதான் அதிகம் உறுத்துகிறது.

அவனுக்கு ஒரே மகள். எனக்கு ஒரே மகன். மகன் அவளைவிட நான்கு வயது மூத்தவன். அவள் ஒன்பதாவது படிக்கும்போதிலிருந்து சனி, ஞாயிறுகளில் என் வீட்டுக்கு ஆங்கிலம் படிக்க வருவாள். நன்றாகப் படித்தாள். வேளாண்மைப் படிப்புக்குக் கோயம்புத்தூரில் இடம் கிடைத்தது. என் மகன் பொறியியல் முடித்து, அதே கோயம்புத்தூரில் பம்பு தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். மகளைத் தனியாக அத்தனை தூரம் அனுப்புகிறோமே என்று அவன் கவலைப்பட்டபோது, "என் மகன் அங்கதான இருக்கான், பாத்துக்குவான்" என்று தைரியம் சொன்னவனே நான்தான்.

எட்டு வருடங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை பதினொரு மணி இருக்கும். என் மனைவி விருதுநகரில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள். நான் அரையாண்டுத் தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அவன் வந்தான். எப்போதும் தோளில் தொங்கும் சாமான் பை அன்று இல்லை. வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். மோட்டார் எதையோ பார்க்க இந்தப் பக்கம் வந்திருப்பான் என்றுதான் முதலில் நினைத்தேன்.

நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே விஷயத்துக்கு வந்தான். பிள்ளைகள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள். மகளே அவனிடம் வந்து சொல்லிவிட்டாளாம். என் மகனும் போனில் பேசி, அப்பாவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, நீங்கள் பேசுங்கள் மாமா என்று கேட்டானாம்.

"உன்னையக் கேக்காம நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்னுட்டேன்ல. உன் மனசு என்னன்னு சொல்லு. எதுனாலும் சொல்லு" என்றான்.

அவன் முகத்தில் பயமும் இருந்தது, சின்னதாக ஒரு சந்தோஷமும் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல முடியாது.

எனக்கு அந்த நேரத்தில் என்ன தோன்றியது என்பதை அப்படியே எழுத வேண்டும். என் மகனோ அவன் மகளோ மனதில் வரவில்லை. மாசி மாதம் குலசாமி கோவிலில் எங்கள் வகையறா எல்லாரும் கூடும் நாள் வந்தது. பொங்கல் பானைகள் வரிசையாக இருக்கின்றன. என் அண்ணன்மார், அவர்களுடைய சம்பந்தகாரர்கள் நிற்கிறார்கள். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, பார்க்க மட்டும் செய்கிறார்கள். அவ்வளவுதான். என்னை யாரும் மிரட்டவில்லை. யாரும் என்னிடம் ஒரு வார்த்தை பேசக்கூட இல்லை. நடக்காத ஒன்றை நினைத்தே நான் பயந்துவிட்டேன்.

"அது செட் ஆகாதுடா" என்றேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "எது?" என்று கேட்டான்.

"எல்லாந்தான். பின்னால பிள்ளைகளுக்குத்தான் கஷ்டம். யோசிச்சுப் பாரு. செட் ஆகாது."

அவன் "சரி" என்றான். செம்பில் வைத்திருந்த தண்ணீரைக் குடித்தான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "போயிட்டு வாரேங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். கடைசியில் அவன் சேர்த்த அந்த "ங்க" எனக்கு உடனே காதில் ஏறவில்லை. மதியம் தனியாகச் சோறு போட்டுச் சாப்பிடும்போதுதான் உறைத்தது. அதற்குமேல் சாப்பிட முடியவில்லை.

சாயங்காலம் மகனுக்குப் போன் செய்தேன். "பேசிப் பாத்தோம்ப்பா. செட் ஆகாதுன்னு படுது" என்றேன். அவன், மாமாவும் அப்படித்தான் சொன்னாரா என்று கேட்டான். "பேசிப் பாத்தோம்ங்கிறேன்ல" என்றேன். அதற்குமேல் அவன் கேட்கவில்லை. சின்ன வயதிலிருந்தே எதிர்த்துப் பேசாத பிள்ளை.

நான் மொழி சொல்லித்தருபவன். அதனால் இதைக் கொஞ்சம் விளக்கத் தெரியும். "வேண்டாம்" என்று சொன்னால் யார் வேண்டாம் என்கிறார் என்ற கேள்வி வரும். "எனக்கு இஷ்டமில்லை" என்றால் ஏன் என்று கேட்பார்கள். "செட் ஆகாது" என்ற பேச்சில் ஆளே கிடையாது. யாரும் மறுக்கவில்லை, யாரும் பயப்படவில்லை, யாருக்கும் சாதி இல்லை. ஏதோ தானாகவே பொருந்தாமல் போய்விட்டது, நான் அதைக் கவனித்துச் சொல்கிறேன், அவ்வளவுதான் என்பது போல ஆகிவிடுகிறது. மகனிடம் நான் பொய் சொல்லவில்லை என்றே வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வாக்கியத்தில் பொய்யான வார்த்தை என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது.

மனைவியிடமும் சொல்லவில்லை. அவள் ஒத்துக்கொள்ளமாட்டாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். எதற்கு வீணாக அவள் மனதைக் குழப்ப வேண்டும் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வருடம் பதினோராம் வகுப்பில், ஒரே வார்த்தைக்குப் பல அர்த்தம் வருவது பற்றிப் பாடம் நடத்தினேன். ஆங்கிலத்தில் அதிக அர்த்தம் கொண்ட வார்த்தைகளில் ஒன்று என்று "செட்" என்பதைப் பலகையில் எழுதினேன். வேண்டுமென்று எழுதவில்லை. முப்பது வருடமாக அதே பாடத்துக்கு அதே உதாரணம்தான். நம் பேச்சில் இந்த வார்த்தை எங்கெல்லாம் வருகிறது, சொல்லுங்கள் என்றேன். பிள்ளைகள் அடுக்கினார்கள். பம்புசெட்டு. செட் தோசை. கல்யாண வீட்டு ரேடியோ செட்டு. தாத்தாவின் பல் செட்டு. சினிமா செட்டு. கடிகாரத்தில் நேரம் செட் பண்ணுவது. கான்கிரீட் போட்டால் செட் ஆகும்வரை தண்ணீர் ஊற்றுவது. ஒருத்தி தறிச் செட்டு என்றாள். அது வேறு வார்த்தை, கொட்டகை என்று அர்த்தம், நம் வாயில் இரண்டும் ஒன்றாகிவிட்டது என்று விளக்கினேன். பலகையில் இடமில்லாமல் எழுதிக்கொண்டிருந்தேன். அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "சார், செட் ஆகாதுன்னு சொல்லுவாங்கல்ல, அதுவும் இதானே?" என்றான்.

வகுப்பு சிரித்தது. அந்த வயதில் அந்தப் பேச்சுக்குச் சிரிக்கத்தான் செய்வார்கள். நான் சாக்பீஸைப் பிடித்தபடி நின்றேன். ஆமாம், அதுவும் இதுதான் என்றேன். ஆனால் அதைப் பலகையில் எழுதவில்லை.

அன்று பள்ளி நூலகத்தில் இருக்கும் தடித்த அகராதியை எடுத்து, அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். அத்தனை வருடம் பாடம் நடத்தியும் ஒருமுறைகூட அதைப் பார்த்ததில்லை. ஒரு வார்த்தை என்று நான் நினைத்திருந்தது உண்மையில் இரண்டு வார்த்தைகளாம். ஒன்று பழைய ஆங்கிலம். உட்கார வைப்பது என்று பொருள். பொருளை ஓர் இடத்தில் வைப்பது, கான்கிரீட் இறுகுவது, சூரியன் கீழே இறங்குவதுகூட அதிலிருந்து வந்ததுதான். இன்னொன்று, கூட்டம், குழு என்ற அர்த்தம் தருவது. அது லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்திருக்கிறது. ஒருவர் பின்னால் ஒருவராகப் போகிறவர்கள் என்று பொருள். சமயத்துக்குள் தனிப் பிரிவாகப் பிரிந்து போகிறவர்களைச் சொல்லும் "செக்ட்" என்ற ஆங்கில வார்த்தைக்கும் அதுவே வேர். கூட்டாளி என்ற அர்த்தத்தில் எங்கள் ஊர்த் தாய்மார் சொன்ன வார்த்தைக்குள் பிரிவும் சேர்ந்தே இருந்திருக்கிறது.

சும்மா இருக்க முடியாமல் "காலனி" என்பதையும் தேடினேன். அதன் மூலச்சொல்லுக்கு நிலத்தை உழுகிறவன் என்று பொருள் போட்டிருந்தது. எங்கள் காட்டை உழுதது யார், பயிரை எடுத்து விற்றது யார் என்று எனக்குத் தெரியும். அகராதியை மூடி அலமாரியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். இவ்வளவும் தெரிந்துகொண்டவன் அன்றைக்கே அவன் கடைக்குப் போயிருக்க வேண்டும். கடை பள்ளியிலிருந்து பத்து நிமிட நடை. போகவில்லை. தெரிந்துகொண்டதே ஏதோ பரிகாரம் செய்த மாதிரி இருந்தது எனக்கு.

இரண்டு வருடம் கழித்து அவனே பள்ளிக்கு வந்தான். ஆசிரியர் அறை வாசலில் நின்று, உள்ளே வராமல், மகள் கல்யாணப் பத்திரிகையைத் தட்டில் வெற்றிலை பாக்கோடு நீட்டினான். மாப்பிள்ளை கூடப் படித்தவர், அவர்கள் சொந்தத்திலேயே வருகிறவர். "சார் அவசியம் வரணும், டீச்சரம்மாவையும் கூட்டிட்டு" என்றான். என் மனைவி டீச்சர் இல்லை. என் மனைவி என்பதால் மரியாதைக்குச் சொன்னது. போகவில்லை. பள்ளியில் ஆய்வு இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். ஆய்வு உண்மையிலேயே இருந்தது. ஆனால் மதியத்தோடு முடிந்துவிட்டது.

அதன்பிறகு எங்கள் காட்டு மோட்டார் எரிந்தால் நானே வேறு கடைக்குக் கொண்டுபோனேன். அவனைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று காரணம் வைத்திருந்தேன். என் மகனுக்குப் பெண் பார்த்தோம். ஒவ்வொன்றையும் அவன் மரியாதையாக மறுத்தான். நாங்களும் ஒரு கட்டத்தில் ஓய்ந்துவிட்டோம்.

ஓய்வு பெற்றபின் காட்டைக் கொஞ்சம் கவனிக்க ஆரம்பித்தேன். போன வருடம் ஆடி கழிந்த சமயம், குதிரைவாலி விதை மானியத்தில் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுத் திருச்சுழிக்குப் பஸ் ஏறினேன். வேளாண்மை ஆபீஸில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். உள்ளே மேஜைக்குப் பின்னால் அவன் மகள் உட்கார்ந்திருந்தாள். மாறுதலாகி வந்து மூன்று மாதம்தான் ஆகிறதாம். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"சார், உக்காருங்க சார்" என்றாள்.

வரிசையில் நிற்கிறேன் என்றேன். நிற்பவர்களைப் பார்த்து, "எனக்குப் பாடம் சொல்லிக்குடுத்த சார்" என்றாள். அவர்கள் வழிவிட்டார்கள். என் பட்டா நகலைப் பார்த்து, இந்த மண்ணுக்கு எந்த ரகம் நல்லது, எப்போது விதைக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னாள். என் மனைவியின் முழங்கால் வலியைக் கேட்டாள். மகனைப் பற்றிக் கேட்கவில்லை. அவளுக்கு ஒரு பெண் குழந்தை, எல்கேஜி போகிறாள் என்று போனில் படம் காட்டினாள்.

கூட்டம் குறைந்ததும் டீ வாங்கிவரச் சொன்னாள். டீ குடிக்கும்போது, அவளாகவே, வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தவள், சிரித்தபடி சொன்னாள்.

"அப்ப எனக்கு உங்க மேலயும் எங்க அப்பா மேலயும் அவ்வளவு கோவம் சார். ரெண்டு பேரும் சேந்து உக்காந்து பேசி, வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம்னு அப்பா வந்து சொன்னாரு. ஒரு மாசம் அவருகூடப் பேசல. அப்புறம் போயிருச்சு. உங்களுக்கும் எங்களுக்கும் நல்லதத்தான நெனச்சிருப்பீங்க."

கையிலிருந்த டம்ளரை மேஜையில் வைத்தேன். அவன் அப்படிச் சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியாது. அந்த நிமிடத்திலேயே, இல்லம்மா, உன் அப்பா மறுக்கவில்லை, நான் மட்டும்தான் என்று சொல்லியிருக்கலாம். எத்தனை வார்த்தை ஆகியிருக்கும்? விதைப் பையை வாங்கிக்கொண்டு, போயிட்டு வாரேன்மா என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் ஆபீஸ் வாசல்வரை வந்து வழியனுப்பினாள்.

பஸ் அருப்புக்கோட்டை வந்ததும் விதைப் பையோடு நேராக அவன் கடைக்குப் போனேன். பிரித்த மோட்டார் ஒன்று அவன் முன்னால் இருந்தது. அவன் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. "வாங்க, உக்காருங்க" என்று கண்ணால் ஸ்டூலைக் காட்டினான். காயில் கட்டும்போது சுற்றை எண்ண வேண்டும். நடுவில் பேச்சை வளர்த்தால் கணக்கு விட்டுப்போகும். அவன் உதடு அசைந்துகொண்டிருந்தது. நான் காத்திருந்தேன்.

முடித்துக் கம்பியை அறுத்தபிறகு, திருச்சுழியில் மகளைப் பார்த்தேன் என்றேன். போன் பண்ணிச் சொன்னாள் என்றான். இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவு என்று அவளிடம் ஏன் சொன்னாய் என்று கேட்டேன்.

அவன் கையைத் துணியில் துடைத்தான். "வேற என்னத்தச் சொல்ல? உனக்கு இங்கிலீஷ் சொல்லிக்குடுத்த சாரு உன்னைய வேண்டாம்ங்காருன்னா? பிள்ளை தாங்குமா? அதான் பாதிய நான் எடுத்துக்கிட்டேன்."

நான் செய்தது தப்பு என்றேன். எட்டு வருடம் கழித்துச் சொன்னேன். சொல்லும்போது குரல் உடையும் என்று நினைத்திருந்தேன், உடையவில்லை. சாதாரணமாகத்தான் வந்தது. தெரியும் என்பது போல அவன் தலையாட்டினான். கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. அந்த இடத்தில் கோபத்தை எதிர்பார்த்துப் போயிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

துணியை மடித்து வைத்தபடி அவன் சொன்னான். "எங்க ஆளுக ஒத்துக்க மாட்டாக, எனக்குப் பயமா இருக்குன்னு அன்னைக்கு நீங்க தமிழ்ல சொல்லியிருந்தா, நான் சண்டையாவது போட்டிருப்பேன். வாய்க்கு வந்தபடி வஞ்சிருப்பேன். ரெண்டு நாள் கழிச்சுத் திரும்ப வந்து பேசியிருப்பேன். நீங்க சொன்ன வார்த்தையோட எப்படிச் சண்டை போட? எங்க பிடிக்கன்னே தெரியலையே."

பழையபடி என்னை ஏலே என்று கூப்பிடக் கூடாதா என்று கேட்டேன். அவன் லேசாகச் சிரித்தான். "கூப்பிடலாம். வாயில வரணும்ல" என்றான். பக்கத்துக் கடையில் டீ சொன்னான். அதைக் குடித்துவிட்டு வந்தேன். இங்கே நான் அவனை அவன் என்றுதான் எழுதுகிறேன். அந்த உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை. வேறு எப்படி எழுதுவது என்றும் தெரியவில்லை.

வீட்டில் மனைவியிடம் முதல் தடவையாக எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டாள். முடித்ததும், "அந்தப் பிள்ளைய எனக்குப் பிடிக்கும். என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல" என்றாள். இரண்டு நாள் அவள் என்னோடு தேவைக்கு மட்டும் பேசினாள்.

மகனிடம் போனில் சொல்ல மனமில்லை. பொங்கலுக்கு வந்தபோது காட்டுக்குக் கூட்டிப்போனேன். குதிரைவாலி அறுத்து முடிந்திருந்தது. தாள் மட்டும் நின்றது. வரப்பில் நின்றுகொண்டு சொன்னேன். அன்றைக்கு மறுத்தது நான் மட்டும்தான். மாமா மறுக்கவில்லை. மாமா சந்தோஷமாகத்தான் வந்தார். செட் ஆகாது என்று நான் உன்னிடம் சொன்னது, உன் அப்பா பயந்துவிட்டான் என்பதுதான்.

அவன் காய்ந்த தாளைக் காலால் தட்டிக்கொண்டே இருந்தான். பிறகு சொன்னான்.

"அவங்க வீட்லயும் இதையே சொன்னாங்கன்னு அவ சொன்னா. ரெண்டு அப்பாவும் ஒரே மாதிரி சொல்றாங்கன்னா ஏதோ இருக்கும்னுதான் விட்டோம். ஒருத்தர் மட்டும்னு தெரிஞ்சிருந்தா நாங்க நின்னிருப்போம்ப்பா."

கோபமாகச் சொல்லவில்லை. கம்பெனியில் நடந்த ஒன்றைச் சொல்வது போலச் சொன்னான். நான் அவன் தோளில் கை வைக்கப் போனேன். அதற்குள் அவன் வண்டியை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டான்.

சாயங்காலம் அவன் மட்டும் மாமாவின் மோட்டார் கடைக்குப் போனான். இரண்டு மணி நேரம் இருந்தானாம். என்ன பேசினார்கள் என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மறுநாள் காலை கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

இப்போதும் வாரம் ஒருமுறை அம்மாவுக்குப் போன் செய்கிறான். நான் வாங்கிப் பேசினால் கேட்டதற்குப் பதில் சொல்கிறான். மழை பெய்ததா என்று விசாரிக்கிறான். முப்பத்தைந்து முடியப்போகிறது. பெண் பார்க்கட்டுமா என்று கேட்க எனக்கு வாயில்லை. போன வாரம் அவன் அம்மாதான் கேட்டாள். "பாக்கலாம்மா" என்றானாம்.